பட்டியலில் வந்த முடிவு

இசாஃப்யோர்
29 செப்டம்பர் 1974

மதிப்பிற்குரிய ஓர்லிகுர் அவர்களுக்கு,

அம்மாவால் பேனா பிடிக்க முடியவில்லை. இந்த வாரமும் நான்தான் எழுதுகிறேன். மருத்துவர் படுத்திருக்கச் சொல்கிறார். அவளோ கட்டிலுக்கும் சன்னலுக்குமாக மூச்சிரைக்க நடந்துகொண்டே கதை சொல்கிறாள். சொல்வதை எழுதிக்கொள்கிறேன். போன வாரம் எழுதிய கடைசி அத்தியாயத்தை நேற்றுக் கிழித்துவிட்டாள். நீங்கள் பதிப்பிக்கக் காத்திருக்கும் நாவல் வளராமல் தேய்ந்திருக்கிறது, மன்னிக்கவும்.

கதையில் கடலுக்குப் போன ஐவார் வீடு திரும்புவானா என்று கேட்டேன். "அவனுக்குத் தெரிஞ்சா எங்கிட்டதானே மொதல்ல சொல்வான்," என்றாள்.

பணிவுடன்,
ஸ்வன்ஹில்த்

ரெய்க்யவிக்
7 அக்டோபர்

அன்புள்ள ஸ்வன்ஹில்த்,

கிறிஸ்துமஸுக்குப் புத்தகம் பரிசளிக்காத வீடு நம் நாட்டில் இல்லை. ஜனவரியிலோ கடைப்பக்கம் ஒரு காக்கைகூட வராது. அச்சகம் இந்த மாதக் கடைசி வரைதான் காத்திருக்கும். தவறினால் அடுத்த வருடம். உன் அம்மா இருக்கும் நிலையில் 'அடுத்த வருடம்' என்று எழுதவே கை கூசுகிறது. புத்தகத்தை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். எப்படியாவது முடிக்க வை.

அன்புடன்,
ஓர்லிகுர்

இசாஃப்யோர்
20 அக்டோபர்

மதிப்பிற்குரிய ஓர்லிகுர் அவர்களுக்கு,

கிறிஸ்துமஸ் புத்தகப் பட்டியல் வீடு வீடாக வந்துவிட்டது. 'புயலைத் தாண்டி ஐவார் தாயிடம் திரும்பும் உருக்கமான நாவல்' என்று அதில் அச்சாகியிருக்கிறது. நான் வேலை பார்க்கும் மீன் ஆலையில், வெட்டும் மேசையருகே குவுத்னி அக்கா எல்லோருக்கும் கேட்கச் சத்தம் போட்டாள்: "ஏ ஊமைச்சி, அவன் வந்துட்டானாமே! பள்ளிக்கூடத்த விட்டதுலேருந்து ஒரு வார்த்த பேசமாட்டேங்கிற, இதையாவது சொல்லக்கூடாதா?" நான் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பட்டியலை இரண்டு முறை படித்தாள். "கடலுக்குப் போன உங்கப்பா வரலியே. இவன மட்டும் நான் எங்கேருந்து கொண்டுவர்றது?" என்றாள். அன்று சாப்பிடவில்லை.

அப்படிப் போட்டது யார்?

ஸ்வன்ஹில்த்

ரெய்க்யவிக்
25 அக்டோபர்

அன்புள்ள ஸ்வன்ஹில்த்,

நான்தான். பட்டியலுக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. நாடு முழுக்கப் போய்விட்டதை இனித் திரும்பப் பெற முடியாது. வராத மகனைப் பரிசாக யார் வாங்குவார்கள்? கதவு தட்டும் சத்தம் கேட்டது என்று கடைசியில் ஒரே ஒரு வரி போதும். கையெழுத்து முழுவதும் உன்னுடையதுதானே, நீயே சேர்த்துவிடு. அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். அந்த வரி இல்லாமல் என்னால் அச்சுக்குக் கொடுக்க முடியாது. அவளுக்காகத்தான் கேட்கிறேன்.

ஓர்லிகுர்

இசாஃப்யோர்
31 அக்டோபர்

ஓர்லிகுர் அவர்களுக்கு,

செவ்வாயன்று அம்மா நாவலை முடித்துவிட்டாள். ஐவார் வரவில்லை. அவனுடைய தாய் அவன் தட்டைக் கழுவி அலமாரியில் வைக்கிறாள், அவ்வளவுதான். நேற்றுக் காலை கையெழுத்துப் பிரதிக் கட்டை உங்களுக்கு அனுப்பத் துறைமுகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் உங்கள் கடிதம் காத்திருந்தது.

அதை அம்மாவுக்கு வாசித்தேன். "புத்தகத்தக் கையில பாக்கணும்னு எனக்கும் ஆசைதான்டி," என்றாள். வரியைச் சேர் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை.

அந்த வரியை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். என் கையெழுத்தில் அது அவள் சொன்னது போலவே இருந்தது. கட்டு உங்களிடம் வந்தால் அந்த வரியும் அதில் ஏறிவிடும் என்று பயந்துபோய்த் துறைமுகத்துக்கு ஓடினேன். கட்டைத் திருப்பித் தாருங்கள் என்று நான் சொன்னது அங்கிருந்தவருக்கு முதலில் காதில் விழவில்லை.

"கப்பல்ல ஏத்தியாச்சேம்மா," என்றார்.

"எறக்குங்க," என்றேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கட்டு இப்போது அம்மாவின் தலைமாட்டில் இருக்கிறது. உள்ளபடியே அச்சிடுபவர் கிடைக்கும்வரை அங்கேயே இருக்கும். அடுத்த வருடம் என்றால் என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஸ்வன்ஹில்த்