டை விற்ற செனட்டர்

5.8.96, திங்கள்

மழை. நியூசிலாந்தின் இந்தப் புக்கெகோஹி ஊர் முழுக்கச் சேறு. கரட் கழுவிப் பொதி செய்து விரலெல்லாம் விறைப்பு. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வேலைக்கு மாதிரிப் பாடம். தேறினால் திரும்பவும் வரலாற்று ரீச்சர். தேறாவிட்டால் கரட்டே கதி.

தந்த தலைப்பைப் பார்! போன நூற்றாண்டு அமெரிக்கர் ஒருவர். வங்கி முதலாளி, ரயில்வேக்காரர், மாநில செனட்டர். யாழ்ப்பாணத்தில் இவ்வளவு காலம் படிப்பித்தும் கேள்விப்படாத ஆள்.

6.8, செவ்வாய்

லைப்ரரியில் அவரைப் பற்றி மெல்லிய புத்தகம் ஒன்று. ஏழைப் பிள்ளை. ரயில்வேக்கு ‘டை’ விற்றுத்தான் முதல் காசு. பிறகு வங்கி, சொந்த ரயில் பாதை, செனட். வங்கி முறிந்து எல்லாம் போச்சு. ஐம்பது வயதில் முதலிலிருந்து தொடங்கினாராம்.

அந்த இடத்தில் அழுதுவிட்டேன். எனக்கு நாற்பத்து நான்கு.

7.8, புதன்

பால், மா வாங்க. மகளுக்குப் பல் டொக்டர்.

காட்டிப் படிப்பிக்க ஏதாவது வேண்டும். மனுசனின் கல்யாண டை! கேட்டேன்.

"ரயில்வேக்கு என்னத்துக்கப்பா டை? தண்டவாளம் போட்டவனும் டை கட்டினவனோ?"

"உங்களுக்கு எதிலைதான் சந்தேகம் இல்லை? தாங்கோ."

முணுமுணுத்தபடி அயர்ன் செய்து தந்தார்.

9.8, வெள்ளி

மழை விட்டிருந்தது. முன்னால் என்னைச் சோதிக்க மூன்று பேர். டையைத் தூக்கிப் பிடித்து, "இதை விற்றுத்தான் செனட்டுக்குப் போனார்" என்றேன். அவர்களில் நரைத்த அம்மா ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்துவிட்டுச் சொன்னாள். அமெரிக்காவில் ‘டை’ என்றால் தண்டவாளத்துக்குக் கீழே போடும் கட்டையாம். எங்கள் சிலிப்பர் கட்டை! ஐயோ, மானம் போச்சு.

வாய் தன்பாட்டில் கேட்டது: "அதுக்கு ஏன் அந்தப் பெயர்? ஆர் சொல்லுவீங்கள்?" பழைய வகுப்புக் குரல், ஆனால் இங்கிலிஷில். டையை மேசையில் குறுக்கே விரித்து, மேலே தண்டவாளம் போல இரண்டு பென்சில் வைத்தேன். இரண்டும் விலகாமல் கட்டி வைக்கிறது, அதனால்தான் ‘டை’ என்றேன். அப்படியே வங்கி முறிந்த கதைவரை போய் முடித்தேன்.

வீட்டில் சொன்னதும் மனுசனுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. "நான் அப்பவே கேட்டனான்!" மகள் "ஓ மை காட், அம்மா" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

13.8, செவ்வாய்

கரட் ஷெட்டுக்கே போன் வந்தது. அந்த நரைத்த அம்மா. தேறிவிட்டேன்! பிழை விட்டபோதும் பாடத்தைக் கைவிடவில்லை என்றாள். அப்பாடா! ஈரக் கையோடு ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் பயந்துபோனார்கள்.

"செனட்டருக்கு ஒரு தேங்காய் உடைக்க வேணும்" என்றேன் மனுசனிடம்.

"உடைப்பம். முதல்லை என்ரை சிலிப்பர் கட்டையைத் தாரும்."