பின் மட்கார்டில் இருந்த எழுத்து

நாமக்கல்,
சனிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

ஜோதி எழுதுவது. எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், மனசு வரவில்லை. போனில் சொன்னால் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுதுவிடுவேன். நந்தகுமார் அண்ணன் லோடு ஏற்றிக்கொண்டு நீங்கள் நிற்கும் நாக்பூருக்கே வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். லாரியை ஓரங்கட்டிவிட்டுப் படியுங்கள்.

போன வாரம் நம் மகள் சௌந்தர்யா பள்ளிக்கூடம் போகும்போது பைபாஸில் சைக்கிளோடு விழுந்துவிட்டாள். பதறாதீர்கள். முழங்காலிலும் உள்ளங்கையிலும் தோல் உரிந்ததோடு போயிற்று. புத்தகப் பை மட்டும் லாரிச் சக்கரத்தில் நசுங்கிவிட்டது. அந்தப் பையை அவள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறேன்.

காரணத்தைச் சொன்னால் உங்களுக்கு வலிக்கும். பாடி கட்டும் பட்டறையில் உங்கள் லாரிக்கு எழுதியபோது, பெயிண்டரைக் கெஞ்சி, மகளின் சைக்கிள் பின் மட்கார்டிலும் 'ஹாரன் அடிக்கவும்' என்று மஞ்சளில் எழுதி வாங்கி வந்தீர்களே, அதுதான். லாரிக்காரர் மகள் என்று அவளும் தெருவெல்லாம் காட்டித் திரிந்தாள். பின்னால் வந்த லாரி டிரைவர் அதைப் படித்துவிட்டு விளையாட்டாக ஏர் ஹாரனை அழுத்தியிருக்கிறார். முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளை என்ன செய்வாள்? டிரைவரே இறங்கி ஓடி வந்து, "எழுதியிருந்துச்சுங்க, அதான் அடிச்சேனுங்க" என்று சொல்லி அவளைத் தூக்கிவிட்டாராம். அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து சைக்கிளுக்குப் பூட்டு. பைபாஸில் பாலம் கட்டியதிலிருந்து டவுன் பஸ் நம் பக்கம் இறங்காமல் மேலேயே போய்விடுகிறது. எனக்கோ காலையில் மில் ஷிப்ட். உங்கள் அப்பா, "படிச்சது போதுஞ் சாமி, புள்ள ஊட்டுல இருக்கட்டும், பரமத்தியில ஒரு மாப்பிள்ள எடம் வந்திருக்குது" என்று சோறு போடும்போதெல்லாம் சொல்கிறார். அப்போது அவள் என்னைத்தான் பார்க்கிறாள். ரோட்டில் விட்டாலும் பயம், வீட்டில் வைத்தாலும் பயம்.

திங்கட்கிழமை பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. அதே சைக்கிளில், அதே பைபாஸில் அனுப்பப்போகிறேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. எழுத்தைச் சுரண்ட பிளேடை எடுத்தேன், அவளே வாங்கிச் சுரண்டினாள். "அப்பாகிட்டச் சொல்லாதீங்கம்மா, சங்கடப்படுவாங்க" என்றாள். நான் சொல்லிவிட்டேன். உங்கள் லாரி கிளம்பும்போது வைப்பது போல அவள் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பேன். கோபம் இருந்தால் வந்து திட்டுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எந்த ஊர் ரோடாக இருந்தாலும் முன்னால் ஒரு சைக்கிள் போனால் ஹாரனில் கை வைக்காதீர்கள். கொஞ்ச தூரம் அது போகிற வேகத்திலேயே பின்னால் போங்கள். இடம் கிடைத்ததும் நன்றாக விலகித் தாண்டுங்கள். திங்கட்கிழமை நம் பிள்ளைக்குப் பின்னால் வரப்போகும் டிரைவர் யாரோ, அவரிடம் கேட்க எனக்கு வழியில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

பத்திரமாக வாருங்கள்.

உங்கள்
ஜோதி