இதில் பத்தில் ஒன்று உண்டா?

அன்புள்ள என் கணவருக்கு, கர்த்தருடைய இரக்கத்தால் சுகமாயிருக்கும் உங்கள் மனைவி, அங்கே நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்ற ஜெபத்தோடு எழுதுவது.

பெரியவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. சின்னவளுக்கு முன்பல் ஆடுகிறது. யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்று வாயைப் பொத்திக்கொண்டே திரிகிறாள். அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான். வாய் மட்டும் நல்ல சுகம், உங்களைப் பெற்றவராயிற்றே. வெல்டிங் வெளிச்சத்தில் கண் சிவந்தால் மருந்து விட்டுக்கொள்கிறீர்களா?

போனில் கேட்க வேண்டியதை ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுகிறீர்கள். போன தடவை வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். "போகுது, எங்க போகுதுன்னுதான் தெரியல" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நானும் சிரித்தேன். வைத்த பிறகுதான் நீங்கள் பதிலே சொல்லவில்லை என்று உறைத்தது.

நீங்கள் அனுப்பிய பணம் வந்தது. பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதலில் பத்தில் ஒன்றை எடுத்துக் கவரில் போட்டு ஜெபித்த பிறகுதான் வாடகை, பள்ளிக்கூடம், அரிசி எல்லாம். கல்யாணமான புதிதில், "உன் ஆண்டவர் எங்க சூப்பர்வைசருக்கு மேல இருக்காரே, சம்பளம் கைக்கு வர்றதுக்குள்ள பிடிச்சுடறாரே" என்று கேலி செய்தீர்கள். பிறகு நீங்களே மாதாமாதம், "மொத பங்கை எடுத்துட்டியா?" என்று கேட்கத் தொடங்கினீர்கள். இந்தத் தடவை கேட்கவில்லை.

பணம் உங்கள் பெயரில் வரவில்லை. அனுப்பியவர் என்று எனக்குத் தெரியாத ஒருவர் பெயர் இருக்கிறது. ஓவர்டைம் ஏறி, கேன்டீன் பிடித்தம் இறங்கி, உங்கள் சம்பளம் என்றைக்கும் சில்லறையோடுதான் வரும். இது முழுத் தொகையாக, யாரோ எண்ணிக் கொடுத்தது போல வந்திருக்கிறது. எனக்கு இப்போது ஒன்றுதான் தெரிய வேண்டும். இது உங்கள் உழைப்பா, கடனா?

ஞாயிறு ஆராதனை முடிந்து போதகரிடம் போய், கடன் வாங்கிய பணத்தில் தசமபாகம் உண்டா என்று கேட்டேன். "இல்லம்மா, அது நமக்குக் கிடைச்ச வருமானத்துல. அடுத்தவங்க பணத்துல ஆண்டவர் பங்கு கேக்க மாட்டார். யாருக்கும்மா கடன்?" என்றார். தெரிந்தவர்களுக்கு என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

பத்து கொடுத்தால் நூறாகத் திரும்பும் என்று சீட்டுக் கட்டுவது போலக் கொடுக்கிறவர்கள் சபையில் இருக்கிறார்கள். கொடுக்காவிட்டால் அடி விழும் என்று பயந்து கொடுக்கிறவர்களும் உண்டு. நான் படித்தவள் இல்லை. வேதத்தை எழுத்துக்கூட்டி வாசித்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். மீதி ஒன்பதும்கூட அவர் தந்ததுதான் என்பதை வாயால் மட்டும் சொல்லாமல் கையாலும் சொல்வதுதான் தசமபாகம். இது கடனாயிருந்து நான் எடுத்து வைத்தால், வராத சம்பளத்துக்கு நன்றி சொல்லி அவர் முன்னால் பொய் பேசியவளாவேன். எடுக்காவிட்டால், என் புருஷன் வேலையில் இல்லை என்று நானே முடிவு கட்டினவளாவேன். இரண்டுக்கும் கை வரவில்லை.

"பணத்தைப் பூட்டி வச்சுக்கிட்டுப் பட்டினி கிடக்கிற வீட்டை இப்பத்தான்டி பாக்குறேன்" என்கிறார் அத்தை. பட்டினி இல்லை, பயப்படாதீர்கள். தையல் கூலியில் ஓட்டுகிறேன். வீட்டுக்காரர்தான் வாசலில் நின்று, வெள்ளிக்கிழமைக்குள் வாடகை வராவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிள்ளைகள் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

இனி மறைக்க முடியாது. நீங்கள் இருக்கும் ஊரில் வேலை பார்க்கும் மாடிவீட்டு பெயின்டர் அண்ணன் லீவில் வந்திருந்தார். கொடுத்த காபியைக் குடிக்காமல் டம்ளரையே சுழற்றிக்கொண்டிருந்தார். பிறகு, "நான் சொன்னேன்னு சொல்லாத தங்கச்சி. மச்சான் வேலை பார்த்த கப்பல் பட்டறையைப் பூட்டிட்டாங்க. அங்க ஒரு சபையில மத்தியானம் இலவசமா சாப்பாடு குடுப்பாங்க. அந்த வரிசையில மச்சானைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் தட்டை வச்சுட்டுப் போயிட்டாரு" என்றார். இந்தக் கடிதத்தைக் கொண்டு வருவதும் அவர்தான். கோபம் வந்தால் அவர்மேல் காட்டாதீர்கள், எனக்கு எழுதுங்கள்.

பட்டறை பூட்டினால் என்ன, வேறெங்காவது வேலை செய்து அனுப்பியிருப்பார் என்றும் மனசு சொல்கிறது. நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

ஆனால் தட்டை வைத்துவிட்டுப் போனீர்கள் என்றாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அது பிச்சை இல்லை. அந்த ஊரில் என்னைப் போல ஒருத்தி, தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன்னே முதல் பங்காக எடுத்து வைத்தது. வழிப்போக்கனும் ஆதரவில்லாதவனும் வயிறாரச் சாப்பிட வேண்டும் என்றுதானே ஆண்டவர் அந்தப் பங்கைக் கேட்டார்? இத்தனை வருஷமாக நான் கொடுத்ததை யார் சாப்பிட்டார்கள் என்று நான் கேட்டதில்லை. அவர்களில் யாரும் வெட்கப்பட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். நாளைக்கு அந்த வரிசையில் போய் நில்லுங்கள். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிடுங்கள்.

எடு, எடுக்காதே. இரண்டில் ஒரு வார்த்தை எழுதினால் போதும். எடுக்காதே என்றால் பணத்தை அனுப்பியவருக்கே திருப்பிவிடுகிறேன். வீட்டுக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன். அதை எழுதக் கை கூசினால் எழுதவே வேண்டாம், கிளம்பி வந்துவிடுங்கள். டிக்கெட்டுக்கு என் வளையல் இருக்கிறது. நீங்கள் வாசலில் வந்து நின்றால் அதுதான் எனக்குப் பதில்; அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன், அத்தையையும் கேட்க விடமாட்டேன்.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காக்கட்டும். வரத்தை முதலில் காக்கட்டும்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
பிள்ளைகளின் அம்மா