அப்பாவைவிட மூத்தவளாகும் நாள்

என் ஆசை அப்பாவுக்கு,

தேசியக் கபடிப் போட்டியில் ஒரு பெண் அதிகாரி எதிரில் நின்று, நான் சிறுநீர் கழிப்பதைக் கண்ணெடுக்காமல் பார்த்தார். உங்களிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றிய செய்தி இதுதான். சிரிக்காதீர்கள். காலிறுதியில் தோற்று வெளியே வந்ததும் ஊக்கமருந்துச் சோதனைக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றால் கூச்சத்தில் வருமா? பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தேன். பாண்டிச்சேரி டீம் மொத்தமும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அந்த அறையில் எனக்கு உங்கள் நினைவுதான். முப்பது வயதில் முட்டி தளர்ந்தபோது ஊக்கமருந்து ஊசி போட ஆரம்பித்தீர்கள். அதற்கப்புறம் பாண்டி டீமில் கூப்பிட்டபோதெல்லாம் வலி என்று சொல்லி ஒதுங்கினீர்களே, இந்தச் சோதனைக்குப் பயந்துதானே? திருமலைராயன்பட்டினத்தில் ஊர்க் கபடி என்றால் மட்டும் அந்த வலி காணாமல் போய்விடும். டெஸ்ட் இல்லாத ஆட்டத்தில் யாரை ஏமாற்றினேன் என்று அம்மாவிடம் மல்லுக்கு நிற்பீர்கள். நாற்பது வயதிலும் நீங்கள் பாடிப் போகும்போது மைக்கில் உங்கள் பேரை இழுத்து இழுத்துச் சொல்வார்கள். உண்மையைச் சொல்கிறேன் அப்பா, எனக்குப் பெருமை தாங்காது. ஊசி விஷயம் தெரிந்தும்தான்.

என் விஷயத்தில் மட்டும் நீங்கள் வேறு ஆள். ஜலதோஷத்துக்கு மாத்திரை வாங்கினால்கூட மருந்துக்கடை வாசலிலேயே நின்று, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதில் ஏதாவது கலந்திருக்கிறதா என்று கடைக்காரரைக் குடைவீர்கள். மேட்சுக்குக் கிளம்பும்போது என் பையைக் கவிழ்த்துப் பார்ப்பீர்கள். உங்கள் பையில் என்ன இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்ட அன்று ராத்திரி நீங்கள் சாப்பிடவில்லை. இப்போது என் பையைக் கிளற வீட்டில் யாரும் இல்லை. அதற்குக்கூட ஏங்குவேன் என்று நினைத்ததில்லை.

நாற்பத்தொன்றில் ஆட்டத்தை விட்டீர்கள். நாற்பத்து மூன்றில் ஒரு காலை, குளித்துவிட்டு வந்து சட்டை போடும்போதே விழுந்தீர்கள். இருதயம் பெருத்துப் போயிருக்கிறது, என்ன மருந்து எடுத்துக்கொண்டிருந்தார் என்று டாக்டர் கேட்டபோது அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் சொன்னேன். ஊசிதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆறு வருஷமாக நானும் அம்மாவும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறோம்.

இப்போது என் கதை. அந்தக் காலிறுதியில் எனக்குத் தோள் இறங்கிவிட்டது. இன்னும் ஒரு சீசன் டீமில் நின்றால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு மனுப் போட வழி இருந்தது. விஷயம் கேள்விப்பட்டு, உங்களோடு ஆடிய செல்வம் மாமா நம் தருமபுரம் வீட்டுக்கு ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா டீ போடப் போனதும் மெல்ல ஆரம்பித்தார்.

"ஊசி ஒரு கோர்ஸ் போட்டுக்க பாப்பா. போட்டிக்கு முன்னாடியே நிறுத்திட்டா ஒண்ணுந் தெரியாது. ஒங்கப்பா பத்து வருஷம் ஆடலியா?"

மாமா கெட்டவர் இல்லை. உங்களைத் தூக்கிப் போன அன்று அவரை நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எனக்கும் ஆசை வராமல் இல்லை. வேலை, சம்பளம், அம்மாவுக்கு ஒரு நிம்மதி என்று மனசு கணக்குப் போட்டது. அதற்குள் அம்மா டீயோடு வந்து நின்றாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"ஒருத்தரத் தூக்கிக் குடுத்தது போதும்ணே. இவளாவது எனக்கு வேணும்," என்றாள்.

மாமா டீயைத் தொடாமல் எழுந்து போனார். பத்து வருஷம் ஆடினீர்கள் என்பது சரிதான். அதற்கப்புறம் இருந்திருக்க வேண்டிய வருஷங்களை யார் ஆடுவது? நான் முதல்முதலாகப் பாண்டி டீமில் இடம் பிடித்து வந்தபோது, காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் அம்மா மட்டும்தான் நின்றாள்.

ஊசி போடவில்லை அப்பா. தோளில் பட்டையைச் சுற்றிக்கொண்டு செலக்‌ஷனுக்குப் போனேன். ஒரு கேட்ச்கூட நிற்கவில்லை. லிஸ்ட்டில் என் பேர் இல்லை. திரும்பும் பஸ்ஸில் கடலூரில் ஆரம்பித்த அழுகை சீர்காழி தாண்டித்தான் ஓய்ந்தது. இப்போது ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். நாள் முழுக்க நின்றால் கால் வலிக்கிறது, கபடி ஆடியவள் என்று வெளியில் சொல்லிக்கொள்ள வெட்கமாகக்கூட இருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பீர்களா, அந்த வேலை போச்சே என்று வாய்க்குள் முணுமுணுத்திருப்பீர்களா?

முப்பதிலேயே நீங்கள் ஆட்டத்தை விட்டிருந்தால் எப்படி இருந்திருப்பீர்கள் என்று அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். தொப்பை போட்டிருப்பீர்கள். கயிற்றுக்கு வெளியே நின்று நடுவரைத் திட்டியிருப்பீர்கள். மைக்கில் உங்கள் பேரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த அப்பாதான் எனக்கு வேண்டும். கப்பு வாங்காத, வீட்டில் உட்கார்ந்து என்னோடு சண்டை போடுகிற அப்பா. எனக்காக ஏன் அப்படி ஆகவில்லை நீங்கள்?

சரி, ஒரு வாக்குத் தருகிறேன். ஆட்டத்தில் உங்களை என்னால் மிஞ்ச முடியவில்லை. வயதில் மிஞ்சிக் காட்டுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொண்டு, நரைத்து, பல் ஆடி, நிதானமாகக் கிழவி ஆவேன். அதற்கு முன்னால் எனக்கு நாற்பத்து நாலு பிறக்கும் அன்று, உங்களைவிட நான் மூத்தவள். அன்றைக்கு உங்கள் படத்துக்கு எதிரில் நின்று, பெரியவளாக, அதட்டியே கூப்பிடுவேன்: "ஆடுனது போதும்டா தம்பி. வீட்டுக்கு வா."

அதுவரைக்கும்,
உங்கள் மகள்
கலா