இடது பக்கத்து மூச்சு

இன்று காலை காபி டம்ளரை வாயருகே கொண்டு போனேன். காபி மணக்கவில்லை, பெட்ரோல் மணந்தது. நேற்றிரவு இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிய கை. சரி, உனக்கு எழுதிவிட வேண்டியதுதான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

உன் மனைவி பாரிசிலிருக்கும் மகளோடு இருக்கப் போகிறாள். மூலக்குளம் வீட்டில் பாதிச் சாமான் மூட்டை கட்டியாயிற்று. போன வாரம் எனக்குப் போன் செய்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பப்பா வண்டி சத்தத்த ஒரு தடவ கேட்டுட்டுப் போறேண்ணே. ஸ்டார்ட் பண்ணித் தர முடியுமா?"

அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த மோட்டார் சைக்கிள். இரண்டு சிலிண்டர், இரண்டு கார்பரேட்டர், பக்கத்துக்கு ஒவ்வொன்று. நீ செத்துப்போனதிலிருந்து உறை போட்டுக் கிடந்தது. முடியும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. அந்த வண்டியின் வலது பக்கத்தை மட்டும்தானே நான் தொட்டிருக்கிறேன்!

பாகம் பிரித்தவன் நீதான். "வலது ஒனக்கு, இடது எனக்கு." ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, இன்ஜின் சூடானதும் ஆளுக்கொரு பக்கம் குந்துவோம். ஒரு கையில் திருப்புளி. மறு கையைச் சைலன்சர் வாய்க்குச் சற்றுத் தள்ளிப் பிடித்திருப்போம். உள்ளங்கையில் தட்டும் புகை விட்டு விட்டு வராமல் சீராகும்வரை கார்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும்.

"ரெண்டும் ஒரே மாதிரி மூச்சு விடணும்டா" என்பாய். நான் போதும் என்றாலும் விடமாட்டாய். கடைசியில் நூலளவு ஒரு திருப்பு. தடதடப்பெல்லாம் அடங்கி வண்டி சாந்தமாக நிற்கும். ஒவ்வொரு முறையும் எனக்குப் புல்லரிக்கும். இவனுக்குக் கையா, காதா, என்ன இது என்று வாய் பிளந்து பார்ப்பேன். உன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் உன் மனைவி, "அண்ணன் பக்கம் இன்னும் இருமுதே" என்று என்னை வாருவாள். பிறகு நீயும் நானும் நோணாங்குப்பம் வரை ஓர் ஓட்டம் போய் வருவோம்.

நேற்று வலது பக்கம் சீக்கிரமே அமைந்துவிட்டது. இடதுதான் மக்கர். கொஞ்சம் உள்ளே திருப்பினால் திணறுகிறது, வெளியே எடுத்தால் வெடிக்கிறது. சட்டையெல்லாம் பெட்ரோல். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியமில்லை. ஒரே ஒரு சத்தத்தைக் கேட்டாள், அதைக்கூடத் தர முடியவில்லையே!

அவள் படியிறங்கி வந்தாள். அந்த முக்காலியை இழுத்து இடது பக்கம் போட்டு உட்கார்ந்தாள். சைலன்சருக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"உள்ள திருப்புங்கண்ணே... இன்னும்... ஐயோ, தாண்டிட்டீங்க. கொஞ்சூண்டு பின்னால வாங்க. ம், அவ்ளோதான்."

தடதடப்பு அடங்கியது. அதே சாந்தம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"சுகர் வந்து அவருக்குக் கை மரத்துப்போச்சுண்ணே, ரொம்ப வருஷமா. சூடு குளிரு எதுவும் தெரியாது. நான் கைய வெச்சிக்கினு அவரு தோள அழுத்துவேன், அவரு திருப்புவாரு. ஒங்களுக்குத் தெரிஞ்சா, மரத்த கையோட ஓட்டக் கூடாதுன்னு வண்டிய வித்துடச் சொல்லுவீங்களாம்."

சொல்லியிருப்பேன்தான், பாவி! நடுவில் வண்டி மறைத்திருக்க, எதிர்ப் பக்கம் குந்தியிருந்த எனக்கு எதுவும் தெரியவில்லை. உன் உள்ளங்கையைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். நீ சிரித்துக்கொண்டே நின்றிருக்கிறாய். கோபம் வர வேண்டும், வரவில்லை. வியப்புதான் வந்தது, இன்னும் தீரவில்லை. தோளில் ஓர் அழுத்தம், அவ்வளவுதான். அதற்கே இத்தனை கச்சிதமாக எப்படியடா நிறுத்தினாய்?

அவள் வெகுநேரம் கண் திறக்கவில்லை. "இதாண்ணே. பப்பா தெருமுனையில திரும்பும்போது இப்படித்தான் கேக்கும்" என்றாள். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து கண்டிப்பாகச் சொன்னாள். "பாரிசிலேருந்து திரும்பி வந்து பாப்பேன். அதுவரைக்கும் இடது பக்கம் கை வெக்காதீங்க."

வைக்க மாட்டேன். என் வலதுக்கு எதிரே இத்தனை காலம் இருந்தது நீ ஒருவனல்ல, நீங்கள் இருவரும் என்று இப்போது தெரியும். காலையிலிருந்து கையைக் கழுவவில்லை.