சிவப்புத் துணிக்குக் கீழே

ஒக்டோபர் 14
படிப்பித்து முடிந்து பள்ளிக்கூடம் விட்டதும் எலுவன்குளத்துப் பற்றைக்காட்டுக்குப் போனேன். பழைய புதையல் குழிகளின் விளிம்பில் நிலப்பனை பூத்திருந்தது — விரல்நக அளவு மஞ்சள் நட்சத்திரம். இத்தனை காலம் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். எந்தக் காலத்திலோ தங்கம் தேடித் தோண்டிய குழிகள்; ஒன்றுக்குள் பாலைமரமே நிற்கிறது.

பூ உதிர்ந்தால் புல்லிலிருந்து பிரித்தறிய முடியாது. பக்கத்துப் பற்றைச் செடிகளில் சிவப்புத் துணி கிழித்துக் கட்டினேன். எங்கள் கற்பிட்டிக் கடலில் வலை கிடக்கும் இடத்தில் சிவப்புத் துணி மிதக்கும். கண்டால் மற்றவர்கள் கை வைக்கமாட்டார்கள்.

யாரிடமும் சொல்லவில்லை. இது என்னுடையது.

ஒக்டோபர் 20
மழை. போகவில்லை.

ஒக்டோபர் 26
தோண்டியிருக்கிறார்கள். துணி கட்டிய இடங்களில் மட்டும்; அங்கிருந்த துணிகளையும் காணோம். பூசை வைத்த அடையாளமாக வெட்டிய தேசிக்காய், கற்பூரக் கரி. நிலப்பனைக் கிழங்குகள் துண்டு துண்டாய்க் கிடந்தன. கையாலேயே மண் தள்ளி மூடினேன்.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கார முஃபீதா ராத்தா என் மண் கையையும் அதில் அவிழ்த்து வந்த துணிகளையும் பார்த்துச் சிரித்தார். "இங்க சிவப்புத் துணி எண்டா புதையலுக்குக் குறி. இதுகூடத் தெரியாதா டீச்சர்?"

தெரியாது. இவ்வளவு படிச்சும் என்ன? நானே காட்டிக் குடுத்திட்டன்.

ஒக்டோபர் 29
எஞ்சிய துணிகளை அன்றே அவிழ்த்திருந்தேன். அதுவும் பிழை — குறியை யாரோ ஒளித்துவிட்டதாக நினைத்து, சுற்றிவரக் கிண்டியிருக்கிறார்கள். நான் வாய் திறக்காவிட்டால் ஒரு கிழங்கும் மிஞ்சாது. சொன்னால் நான் செய்த பிழை ஊர் முழுக்கத் தெரியவரும். வரட்டும்.

ஒக்டோபர் 30
றவூப் நானாவின் தேத்தண்ணிக் கடைக்குள் போனேன். பாண்கூட வாசலில் நின்று வாங்குகிறவள் நான்.

"காட்டில துணி கட்டினது நான்தான். கீழ தங்கமில்ல. பூ."

கடைக்கு நடுவில் நின்றே சொன்னேன்.

றவூப் நானா சீனி கலக்குவதை நிறுத்தினார். "அப்ப இவ்வளவு நாளும் கிண்டினது பூவையா?"

மூலை வாங்குப் பலகையில் இருந்த ஓட்டோக்கார கிளைட்டன் அண்ணன் கைகளை மெல்ல மேசைக்குக் கீழே இழுத்தார். இரண்டு கையும் கொப்புளம்.

"ஓட்டோ ஓடினா கை இப்பிடிப் பொங்குமோ, கிளைட்டன்?"

"கிளச் இறுக்கம், நானா."

கடையே சிரித்தது. ஆனாலும் சொன்னேன். நானே போய்ச் சொன்னேன்.

டிசம்பர் 7
இன்றுதான் போக மனம் வந்தது. புதுக் குழி ஒன்றும் இல்லை. நான் மூடிய மண்ணில், உடைந்த துண்டுகளெல்லாம் முளைத்திருக்கின்றன. ஒன்று நின்ற இடத்தில் இப்போது மூன்று, நான்கு.

மாடு புகாதபடி சுற்றிவர முள் அடைத்திருந்தது. நான் அடைத்ததல்ல. முள்ளுக் கொப்புகளைச் சேர்த்துக் கட்டியிருந்தது என் சிவப்புத் துணி. முடிச்சு, ஓட்டோவின் மேலே சாமான் கட்டுகிற முடிச்சு.