அப்பாவின் தெளிவான படம்

கோரமண்டல்,
ஞாயிறு பிற்பகல்.

அன்பு அண்ணனுக்கு ஓவியா எழுதுவது. ஜெய்பீம்.

அம்மாவுக்கு மூட்டு வலி இருக்கிறது, மற்றபடி நடமாட்டம் உண்டு. எனக்கு ஒன்றுமில்லை. காலை ரயிலில் பெங்களூர் வரை நின்றுகொண்டே போவது பழகிவிட்டது. ஸ்டீவன் அண்ணன் லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒட்டிய கவர் ஒன்று இருக்கும். இதை முழுசாகப் படித்துவிட்டு அதைப் பிரி.

புத்த பூர்ணிமைக்கு நம் சங்கம் சிறப்பு மலர் அச்சடிப்பது உனக்குத் தெரியும். தங்கச் சுரங்கத் தூசியில் நெஞ்சு கெட்டு இறந்த நம் லைன் வீட்டு ஆட்கள் நாற்பத்தொரு பேரின் படமும் பெயரும் இந்த முறை அதில் போடுவதாக முடிவானது. படங்களைச் சேர்க்கும் வேலையைச் செயலாளர் சாம்ராஜ் அண்ணன் என் தலையில் கட்டினார். டிகிரி படிச்ச பொண்ணு, கம்ப்யூட்டர்லதானே வேலை, உன்னை விட்டா யாரும்மா என்றார். கம்ப்யூட்டரில் நான் செய்வது பில் நம்பர் அடிப்பது மட்டும்தான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படம் மங்கலாக இருந்தால் பெயரை மட்டும்தான் போடுவோம் என்று அச்சகத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் ஒரு நோட்டீஸ் எழுதிக் குழாயடியில் ஒட்டினேன். கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றிப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள் என்று. யார் படித்தார்கள்? பாக்யலட்சுமி அக்கா அனுப்பியதில் அவங்க மாமனார் நெஞ்சின் மேல் டியூப்லைட்டும் மிக்சியும் தெரிந்தன. ஏசுபாதம் மாமா தன் தம்பியைச் சுற்றி ரோஜாப்பூ வைத்து, கீழே குட்மார்னிங் போட்டு அனுப்பினார். ஏன் மாமா என்றால், மொட்டையா அனுப்பினா நல்லாவா இருக்கும் கண்ணு என்கிறார்.

கடைசியில் நானே வீடு வீடாகப் போனேன். முக்கால்வாசி வீட்டில் கம்பெனி அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறு படமே இல்லை. தபால்தலை அளவுதான் இருக்கும், கன்னத்தில் பாதி முத்திரை. நம் அப்பா படமும் அதுதானே. பெரிசாக்கி அனுப்பினேன். இருபத்தொன்பது படம் உதவாது என்று திருப்பிவிட்டார்கள். அதில் அப்பாவும் ஒருவர்.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். பழைய படத்தைத் தெளிவாக்கும் ஆப் ஒன்று இருக்கிறது என்று ஆபீஸில் சொன்னார்கள். ரயிலில் நின்றபடியே ஒவ்வொரு படமாகப் போட்டேன். முத்திரை மறைந்தது. கண்ணில் வெளிச்சம் வந்தது. தலைமுடி இழை இழையாகத் தெரிந்தது. இருபத்தொன்பதையும் அச்சகத்தில் ஏற்றுக்கொண்டார்கள். அப்பாவுடையதை உனக்கும் அனுப்பினேன். நீ கட்டைவிரலைக் காட்டி, அப்பா சூப்பர் என்று போட்டிருந்தாய்.

அம்மாவுக்குக் காட்டத் தாளில் பிரிண்ட் எடுத்து வந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யாரும்மா இவரு, டாக்டரு மாதிரி இருக்காரு என்றாள். அப்பாதாம்மா என்றேன். வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போனாள். தாடையில கல்லு தெறிச்ச தழும்பு இருக்குமே, அது எங்க என்று கேட்டாள். முன்பல்லு போனதுல இருந்து உங்கப்பா வாயத் தொறந்து போட்டோவே புடிக்க மாட்டாரு, இவரு இன்னா பல்லைக் காட்டிக்கினு இருக்காரு என்றாள்.

அதற்கப்புறம் இருபத்தொன்பது பேரையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லோருக்கும் ஒரே கன்னம், ஒரே பல் வரிசை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். நம் லைனில் அப்படி யாரும் இருந்ததில்லை.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். மலரின் மாதிரிப் பக்கங்களைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பாக்யலட்சுமி அக்கா அவங்க மாமனார் படத்தின் முன்னால் நின்று அழுதார். நல்லா இருப்படி, கண்ணு முன்னால கொண்டாந்து நிறுத்திட்டே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எழுந்து நின்றேன். இன்னாம்மா ஓவியா, மைக் வேணுமா என்று சாம்ராஜ் அண்ணன் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். சால்வையோடு உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் சாம்ராஜ் அண்ணன் வீட்டுக்குப் போய், அந்த முகங்களெல்லாம் ஆப் தானாக வரைந்தது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மாத்தினா வெறும் பேருதாம்மா வரும், யார் வீட்டுக்குப் போய் அதைச் சொல்லுவே என்றார். அந்த இருபத்தொன்பதில் அவருடைய அப்பாவும் இருக்கிறார். அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மலர் அச்சாகிவிட்டது. நேற்று வீட்டுக்கொன்று கொடுத்தார்கள்.

அப்பா படம் இருக்கும் பக்கத்தை அம்மா பிரித்து, விரலால் தாடையைத் தடவிப் பார்த்தாள். அப்புறம், இதை வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டிடு என்றாள். தழும்பு இல்லையேம்மா என்றேன். அது இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு இப்ப எனக்கே தெரியல, இத்தினி பேரு அவருதான்னு சொல்றாங்க, நான்தான் மறந்துட்டிருப்பேன் என்றாள்.

அண்ணா, அப்பா போனபோது எனக்கு நான்கு வயது. கட்டிலில் யாரோ இருமிக்கொண்டிருந்தது மட்டும்தான் எனக்குத் தெரியும். முகம் தெரியாது. உனக்குப் பன்னிரண்டு. அவரோடு சாப்பிட்டிருக்கிறாய், பேத்தமங்களா ஏரிக்கு சைக்கிளில் போயிருக்கிறாய். கவரில் இருப்பது அடையாள அட்டைப் படம்தான். எதையும் சரி செய்யாமல், முத்திரையோடு, மங்கலாகவே பிரிண்ட் போட்டிருக்கிறேன். அதைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் முகம் எப்படி இருந்தது என்று ஒரு தாளில் எழுது. தழும்பு எந்தப் பக்கம் என்றும் எழுது, அட்டைப் படத்தில் அது முத்திரைக்கும் மங்கலுக்கும் அடியில் போய்விட்டது. ஞாபகம் இல்லை என்றால் அப்படியே எழுது. ஞாபகம் இருக்கிற மாதிரி இட்டுக்கட்டி மட்டும் எழுதிவிடாதே. அதை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன்.

இன்னொன்று. நீ மார்பிள் அறுக்கும் இடத்துக்கு மாறிவிட்டாய் என்று ஸ்டீவன் அண்ணன் வாய்தவறிச் சொல்லிவிட்டார். இருமலையும் சொன்னார். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அட்டையில் இருக்கிற தேதிப்படி, அந்தப் படம் எடுத்தபோது அப்பாவுக்கு முப்பத்தைந்து வயது. உனக்கும் இப்போது அதே வயது.

வெயிலில் நின்று உன்னை ஒரு படம் எடுத்து அனுப்பு. நேராகப் பார். சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை. வேலை செய்யும்போது மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொள். லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வா. நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் தங்கை,
ஓவியா